கடிகாரத்தில் ஓடியவன்

அத்தானுக்கு நெட்டையன் தர வேண்டிய பாக்கி எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு. மூன்று சக்கர சரக்கு வண்டி வாங்கப் போனபோது கையில் இருந்த காசு பாதி வண்டிக்குத்தான் கட்டியது. மீதிப் பாதிக்கு அக்கா தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். வட்டி இல்லை, கெடு இல்லை. தன் கால்பந்து கிளப்பில் கொடுத்த டைரியின் கடைசிப் பக்கத்தில் தொகையை எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார் அத்தான். "வண்டி ஓடட்டும் மாப்ள, காசு தானா வரும்" என்றார்.

வண்டி ஓடத்தான் ஓடியது, எட்டு மாதம். அதற்குப் பிறகு எதுவுமே ஓடவில்லை. தொற்று வந்து தெருவுக்குத் தெரு கயிறு கட்டிவிட்டார்கள்.

அத்தான் கால்பந்து ஆடிச் சம்பாதிக்கிற மனுஷன். நடுக்களத்தில் தொண்ணூறு நிமிடமும் ஓடுவதுதான் அவர் வேலை. கோல் அடிக்கிறவன் படம் பேப்பரில் வரும். அவன் காலுக்குப் பந்து வந்து சேர யார் ஓடினார்கள் என்பது எந்தப் பேப்பரிலும் வராது. ஆனால் மைதானத்துக்கு வந்து உட்காருகிறவர்களுக்குத் தெரியும். கடைசிப் பத்து நிமிடத்தில் மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்கும்போது இவர் மட்டும் ஓடிக்கொண்டிருப்பார். "இன்ஜின்! இன்ஜின்!" என்று கூரை கிழியக் கத்துவார்கள். முப்பத்திரண்டு வயதாகியும் புகை விடாத இன்ஜின் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நெட்டையனுக்கும் ஓட்டம்தான் பிழைப்பு, என்ன, முதுகில் மூட்டை இருக்கும். காய்கறி மொத்தச் சந்தையில் லாரியிலிருந்து கிடங்குக்கு மூட்டை சுமக்கிறவன். ஒண்டிக்கட்டை. அக்கா வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு அறை. சொந்த வண்டி வந்த பிறகும் விடிகாலை மூட்டை வேலையை விடவில்லை. ஊரடங்கில் அது நல்லதாகப் போயிற்று. சந்தைக்கு மட்டும் பாஸ் கொடுத்தார்கள்.

ஆட்டம் நின்றதும் கிளப் சம்பளத்தைப் பாதியாக்கியது. கூடவே ஆளுக்கு ஒரு அட்டைப் பெட்டி அனுப்பியது. உள்ளே ரப்பர் பட்டைகள், அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை, ஒரு கறுப்புக் கடிகாரம். அதைக் கையில் கட்டிக்கொண்டால் எத்தனை தூரம் ஓடினார், எவ்வளவு வேகம், நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை தடவை அடித்தது, தூங்கும்போது எத்தனை தடவை, எல்லாம் அத்தானின் போனுக்குப் போய் அங்கிருந்து கிளப்பின் உடற்பயிற்சி மாஸ்டருக்குப் போய்விடும். கடிகாரம் கையை விட்டு இறங்கவே கூடாது. இருபத்தெட்டுப் பேர் இருக்கிற குழுவில் பதினெட்டுப் பேரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள், கடிகாரத்தைப் பார்த்துத்தான் பொறுக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது.

அந்த நேரம் பார்த்து அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது.

முதல் இரண்டு நாள் உடம்பு வலி என்றார். மூன்றாம் நாள் போர்வைக்குள் பல் அடித்துக்கொண்டது. அக்காவுக்கு வாசனை தெரியாமல் போய் நாலு நாளில் திரும்பியது, அதோடு அவளை விட்டுவிட்டது. அவரை விடவில்லை.

நெட்டையன் தெருப்பக்க ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் அத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஈரத்துணி பிழிந்த மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் அத்தான். வண்டி இருக்கு, பாஸ் இருக்கு."

"போனா பேரு பட்டியல்ல ஏறிடும் மாப்ள. அடுத்த நிமிஷம் கிளப்புக்குத் தெரியும். முப்பத்திரண்டு வயசு. நெஞ்சுல கிருமி புகுந்தவன எவன் வச்சுப்பான்?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான் உன்னக் கூப்பிட்டேன்." அத்தான் கடிகாரத்தைக் கழற்றிக் கம்பி வழியே நீட்டினார். அக்கா நடுவில் புகுந்து அதைச் சானிடைசரில் துடைத்துக் கொடுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. முன்னாலேயே பேசி முடித்துவிட்டார்கள் என்று நெட்டையனுக்குப் புரிந்தது. "இதக் கட்டிக்க. சந்தை வளாகத்துல வேல முடிஞ்சதும் அட்டவணையில இருக்குற மாதிரி ஓடு. காலைல இந்த ஜன்னலுக்கு வந்து நின்னா போன்ல ஏறிக்கும். ஒரு வாரம். நான் எந்திரிச்சிருவேன்."

"நான் பந்து விளையாடுறவனா அத்தான்? என் காலு மூட்டைக்குப் பழகின காலு."

"கடிகாரத்துக்குப் பந்து தெரியாது. ஓட்டம்தான் தெரியும். ஓட்டத்துக்கு ஐந்நூறு, பாக்கில கழிச்சுக்கறேன்."

காசுக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு என்ற எண் குறுக்கே வந்து வழி மறித்தது. வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சந்தை வளாகத்தில் கிடங்குகளைச் சுற்றி ஒரு சிமெண்டுச் சாலை இருக்கிறது. ஒரு சுற்று அறுநூறு மீட்டர். மற்ற நாளில் நடக்கவே இடம் இருக்காது. இப்போது லாரிகள் இறக்கிவிட்டுப் போனபின் காலை எட்டு மணிக்கே வெறிச்சோடிக் கிடந்தது. முதல் நாள் அவன் ஓடத் தொடங்கியதும் மூட்டைக்காரர்கள் தராசு மேடையில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"யார்றா தொரத்துறது? போலீஸா, கடன்காரனா?"

"கடன்காரன்தான்" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு ஓடினான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் பாடகர் என்ற ஆள்தான் சத்தமாகச் சிரித்தார். மூட்டை தூக்கும்போதெல்லாம் பாடுகிறவர், அதனால் அந்தப் பேர். "ஓடுடா ஓடு, வட்டி குட்டி போடுறதுக்குள்ள ஓடு!" என்று கை தட்டினார்.

சுமை இல்லாமல் ஓடுவது இத்தனை லேசாக இருக்கும் என்று நெட்டையனுக்கு அதுவரை தெரியாது. எழுபது கிலோ முதுகில் இல்லாதபோது கால் தரையில் பாவவே இல்லை. மூன்றாம் நாள் ஜன்னலில் அக்கா போனைப் பார்த்து வாசித்தாள். மாஸ்டர் எழுதியிருந்தார்: 'அருமை. வீட்டிலிருந்தபடி இப்படி ஒரு ஓட்டம் நம் குழுவில் யாரும் ஓடவில்லை.'

நெட்டையனை ஆயுளில் யாரும் அருமை என்று சொன்னதில்லை. மூட்டை கீழே விழாமல் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், விழுந்தால்தான் சொல்வார்கள். மறுநாள் அவன் இன்னும் கொஞ்சம் இழுத்து ஓடினான்.

"மெதுவா ஓடு மாப்ள" என்றார் அத்தான். காய்ச்சல் விட்டிருந்தது, குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் திரும்பிப் போறப்ப அந்த வேகத்துல நான்ல ஓடணும்."

"சரி அத்தான்" என்றான். ஆனால் சாலையில் இறங்கினதும் சரி மறந்துபோகும். மாஸ்டர் ஒவ்வொரு வாரமும் அட்டவணையை இறுக்கினார். இவன் ஒவ்வொரு வாரமும் அதைத் தாண்டினான். ஒரு வாரம் என்று சொன்னது நாலாவது வாரமாயிற்று. அத்தான் இன்னும் கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. டைரியின் கடைசிப் பக்கத்தில் ஐந்நூறு ஐந்நூறாக இருபத்திரண்டு தடவை கழிந்திருந்தது.

நாலாவது வார முடிவில்தான் அது நடந்தது. பாடகர் பத்து நாளாக வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பதினோராம் நாள் வந்துவிட்டார். "சும்மா கெடந்தா அடுப்பு கேக்குமா? ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, மூச்சுதான் கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணுது" என்றார். உருளைக்கிழங்கு லாரி. முதல் நடை போய் வந்தார். இரண்டாவது நடை போய் வந்தார். மூன்றாவதில் மூட்டையோடு பத்தடி நடந்து, நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தார். அப்படியே முகம் தரையில் பட விழுந்தார். கையை ஊன்றக்கூட இல்லை. மூட்டை அவர் மேல் உருண்டு வாய் பிரிந்து கிழங்கெல்லாம் ஓடின. நெட்டையன்தான் முதலில் ஓடிப்போய்ப் புரட்டினான். கண் திறந்துதான் இருந்தது.

இவன் வண்டியில்தான் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வண்டியிலேயே நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, "காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றார்கள். "கிருமி நெஞ்சுத் தசையில இறங்கியிருக்கும். உக்காந்திருந்தா தெரியாது. பாரம் ஏத்தினா நின்னுடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று நெட்டையன் ஓடவில்லை. கடிகாரம் மணிக்கட்டில் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. நேற்றைய தூக்கத்தில் நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. அவன் நெஞ்சு. அந்த நாற்பத்தெட்டு அத்தான் பேரில் எங்கோ ஏறிக்கொண்டிருந்தது. அத்தான் நெஞ்சு எத்தனை அடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனான். ஜன்னலில் நிற்கவில்லை, படியேறினான். அத்தான் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஏறவில்லை, இறங்கினார். ஆறு படி இறங்கி நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை இடது மார்பில் அழுத்தி, எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி நின்றார். நெட்டையனைப் பார்த்ததும் கை கீழே இறங்கியது.

"என்ன அத்தான் செய்யுது?"

"ஒண்ணுமில்ல. ஒரு அடி விட்டு அடிக்கும். மறுபடி சரியாயிடும்."

"எத்தன நாளா?"

"நீ என்ன டாக்டரா? அக்கா கிட்ட வாயத் தொறந்த, பாத்துக்க."

அக்காவிடம் வாய் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அவர் தூங்குறப்ப நான் தூங்குறதில்லடா. மார்மேல கைய வெச்சு எண்ணிட்டே கெடக்கேன். எண்ணிட்டிருக்கப்பவே ஒண்ணு வராம போகும். அடுத்தது வர்ற வரைக்கும் எனக்கு உசிரு இருக்காது."

பாடகர் விழுந்ததை நெட்டையன் சொன்னான். அவள் கையிலிருந்த சட்டையைப் பிழியாமலே கொடியில் போட்டாள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலமே கிளப்பிலிருந்து சேதி வந்தது. ஊரடங்கைத் தளர்த்திவிட்டார்கள், திங்கட்கிழமை பயிற்சி தொடங்குகிறது, முதல் நாளே ஓட்டச் சோதனை. கடிகாரக் கணக்கில் தேறினவர்கள் முதல் பிரிவு. முதல் பிரிவுக்கு மெல்ல ஓடிப் பழகுவதெல்லாம் கிடையாது, நேராகக் கடைசி மட்டம் வரை ஓட வேண்டும். தேறாதவர்கள், காய்ச்சல் கண்டவர்கள் இரண்டாம் பிரிவு. அவர்களுக்கு முதலில் நெஞ்சுப் படம், ரத்தச் சோதனை, டாக்டர் கையெழுத்து. முதல் பிரிவில் முதல் பேர் அத்தானுடையது.

நெட்டையன் அந்தப் பேரை மறுபடி படித்தான். மெதுவாக ஓடியிருந்தால் அத்தான் இரண்டாம் பிரிவில் இருந்திருப்பார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்திருப்பார். அருமை என்ற ஒரு சொல்லுக்கு ஆசைப்பட்டு இவன்தான் அவரை இழுத்துக்கொண்டுபோய் அந்த வரிசையின் முன்னால் நிறுத்தியிருக்கிறான்.

"அத்தான், சொல்லிடுவோம். காய்ச்சல் வந்துச்சுன்னு மட்டும் சொல்லுவோம். கடிகாரத்தப் பத்திச் சொல்ல வேணாம்."

"காய்ச்சல்ல கெடந்தவன் எப்படிடா பத்து கிலோமீட்டர் ஓடினான்னு கேப்பானே?" அத்தான் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே மூச்சில்லாமல் நின்றது. "ஒரே ஒரு ஓட்டம் மாப்ள. பதினஞ்சு வருஷமா ஓடின ஒடம்பு. அது என்னக் கைவிடாது. ஒப்பந்தத்துல கையெழுத்து ஆயிட்டா ரெண்டு மாசம் கால் வலின்னு படுத்துக்கறேன்."

"பாடகரும் ஒரே ஒரு மூட்டைன்னுதான் நெனச்சாரு."

அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அத்தானால் பைக் ஓட்ட முடியவில்லை, உதைக்கவே மூச்சு வாங்கியது. நெட்டையன்தான் வண்டியில் கொண்டுபோனான். இறங்குவதற்கு முன் அத்தான் கையை நீட்டினார். நெட்டையன் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். அவன் மணிக்கட்டில் வெயில் படாத வெள்ளை வளையம் ஒன்று விழுந்திருந்தது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "முழுக்கை சட்டை போட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

பயிற்சி மைதானத்தைச் சுற்றி ஆளுயரக் கம்பி வலை. குடும்பத்தார், டிரைவர் யாரும் உள்ளே வரக் கூடாது. வாசலில் மேசை போட்டு கிளப் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மாஸ்க், அதன் மேல் கண்ணாடித் திரை. அருகில் ஒரு தாள் கட்டு. காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, படபடப்பு என்று கேள்விகள். அத்தான் பேனாவை வாங்கி மேலிருந்து கீழே ஒரே மூச்சில் டிக் போட்டார். எல்லாம் ஒரே வரிசையில் இறங்கின. இல்லை, இல்லை, இல்லை.

"வீட்ல யாருக்கும்?" என்றாள் டாக்டரம்மா.

"யாருக்கும் இல்ல மேடம்."

"உங்க கணக்கப் பாத்து நான் அசந்துட்டேன். தூக்கத்துல நாப்பத்தெட்டு. உங்க வயசுக்கு இது பெரிய விஷயம்."

அத்தான் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நெட்டையன் வாசலில் நின்றான். இப்போது சொல்லலாம். சொன்னால் அத்தானின் பதினைந்து வருஷமும் இந்த மேசையிலேயே முடியும். அக்கா வீட்டு வாடகை, அத்தானின் பேர், எல்லாம் போகும். சொல்லாமல் போனால், ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை.

"நீங்க யாரு, டிரைவரா? வெளிய நில்லுங்க" என்றாள் டாக்டரம்மா. அவன் வெளியே போய் வலையைப் பிடித்துக்கொண்டான்.

மைதானத்தில் இருபது மீட்டர் இடைவெளியில் மஞ்சள் கூம்புகள் இரண்டு வரிசை. ஒரு ஒலிபெருக்கி. அது பீப் என்றால் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஓட வேண்டும், அடுத்த பீப்புக்குள் சேர வேண்டும், திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் பீப் நெருங்கி வரும். ஒவ்வொரு நிமிடமும் ஒரு மட்டம். ஒன்பது பேர் ஓட நின்றார்கள். கேலரியில் ஒரு ஆள் இல்லை. கூரையில் புறா சிறகடிப்பதுகூடக் கேட்டது.

பீப்.

முதல் நாலு மட்டம் அத்தான் மற்றவர்களைப் போலவே ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்க்கப் பார்க்க நெட்டையனுக்கே சந்தேகம் வந்தது. பயந்து சாகிறோமோ? மாஸ்டர் கையில் பலகையோடு, "இன்ஜின் சூடாகுது பாரு!" என்று கேலி பேசினார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆறாவது மட்டத்தில் திரும்பும்போது அத்தானின் கை மார்புக்குப் போய் இறங்கியது. வேறு யாரும் பார்க்கவில்லை. ஏழாவதில் இரண்டு தடவை போயிற்று. வலைக் கம்பி நெட்டையன் விரலில் பதிந்தது. ஓட்டத்துக்கு முகம் சிவக்க வேண்டும். மற்ற எட்டு முகமும் சிவந்திருந்தன. அத்தானின் முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. உதடு நீலம்.

பீப். பீப். எட்டு.

"நின்னுடுங்க அத்தான்" என்று முனகினான். நிற்கலாம். யார் வேண்டுமானாலும் முடியாது என்று ஒதுங்கலாம், ஒருத்தன் அப்படித்தான் ஒதுங்கிப் புல்லில் படுத்தான். ஆனால் பட்டியலில் முதல் பேராக இருப்பவர் இத்தனை சீக்கிரம் ஒதுங்க முடியுமா? அத்தான் பதினான்காவது மட்டம் வரை ஓடுவார் என்று அந்தக் கடிகாரம் சொல்லியிருக்கிறது. சொன்னது இவன்.

ஒன்பதாவது மட்டத்தில் அத்தான் கோட்டைத் தொட்டார், திரும்பினார், இரண்டு அடி வைத்துவிட்டு, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்பிப் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை.

"நிறுத்துங்க!" நெட்டையனுக்குத் தன் குரலே தெரியவில்லை. "அய்யோ, அவர நிறுத்துங்க! கடிகாரத்துல ஓடினது நான்! அவருக்குக் காய்ச்சல்! நான்தான் ஓடினேன், அவர் ஓடல!"

ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது. காலி மைதானம் அதை வாங்கி எதிர்ச் சுவரில் அடித்துத் திருப்பிக் கொடுத்தது. நான்தான் ஓடினேன். எல்லோரும் நின்றார்கள். அத்தானும் நின்றார். பீப் மட்டும் தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் முழங்கால் மடிந்தது. விழவில்லை, உட்கார்ந்தார். பிறகு ஒருக்களித்துச் சாய்ந்தார்.

டாக்டரம்மா கண்ணாடித் திரையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தைப் பிடித்தாள். "யாரும் எழுப்பாதீங்க! கால மட்டும் தூக்குங்க!" என்று கத்தினாள். நெட்டையன் வலையேறிக் குதித்து ஓடிவந்ததை யாரும் தடுக்கவில்லை. டாக்டரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் மணிக்கட்டின் வெள்ளை வளையத்தையும், அத்தான் கையில் தளர்வாகக் கிடந்த கடிகாரத்தையும் பார்த்தாள்.

"எத்தன நாள் காய்ச்சல்?"

"ஆறு நாள். நெஞ்சு ஒரு அடி விட்டு அடிக்குதுன்னார்."

"இத வாசல்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் குனிந்து அத்தானின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

பிழைத்துக்கொண்டார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. நெஞ்சுத் தசை வீங்கியிருக்கிறது என்றார்கள். ஆறு மாதத்துக்கு ஓடக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது. மாதா மாதம் ஸ்கேன். பழைய ஓட்டம் திரும்புமா என்றால் டாக்டர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

கிளப் ஒரு கடிதம் அனுப்பியது. உடம்புக்காக நீக்கவில்லையாம், பொய்க் கணக்குக் கொடுத்ததற்காக நீக்குகிறதாம். அதனால் வைத்தியச் செலவும் அவர்கள் பொறுப்பில்லை. அத்தான் அதைப் படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். நெட்டையன் மூன்று தடவை பார்க்கப் போனான். மூன்று தடவையும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

நாலாவது தடவை அக்கா வாசலிலேயே நிறுத்தினாள். "பாக்கியக் கேட்டாருடா."

நெட்டையன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கோவத்துலயும்தான் கேக்குறாரு, இல்லேங்கல. ஆனா ஸ்கேனுக்கும் வேணும். என் வளையல் ரெண்டும் போயிருச்சு." அவள் வெறுங்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அன்றே வண்டியை விலை பேசினான். புது வண்டியில் பாதி விலைக்குத்தான் கேட்டார்கள். பேரம் பேசத் தெம்பில்லை. தொண்ணூறாயிரத்துக்குக் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கினவன் கையில் போடும்போது, "இடது பக்க பிரேக் கொஞ்சம் இழுக்கும், பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னான்.

அத்தான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொடையில் இருந்த சதையெல்லாம் எங்கே போனதோ, கால்சட்டை கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது. நெட்டையன் பணத்தை விரிப்பின் மேல் வைத்தான்.

"எவ்வளவு?"

"எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு."

அத்தான் டைரியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். "கழிச்சது போக எழுபத்தஞ்சாயிரத்து ஐந்நூறுதான். இருவத்திரண்டு ஓட்டம்."

"ஓட்டத்துக்குக் கழிக்க வேணாம் அத்தான்."

"கூலி பேசித்தான் ஓடின. கூலி கூலிதான். எனக்கு யாரோட பிச்சையும் வேணாம்."

"பிச்சையில்ல. அந்தக் காசத் தொட்டா எனக்கு அந்த பீப் சத்தம் கேக்குது."

"எனக்கு மட்டும் என்ன கேக்குதுன்னு நெனச்ச?" அத்தான் குரலை உயர்த்தினார். உயர்த்தினவர் நிறுத்திவிட்டு, கையை மார்பில் வைத்தார். அறையில் இருந்த மூன்று பேரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். அக்காவின் உதடு எண்ணியது. அடுத்த அடி வந்தது. அவர் முகத்தில் அது வந்தது தெரிந்தது.

அப்புறம் தரையைப் பார்த்தபடி பேசினார். "ஒம்பதாவதுல எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. எந்தக் கோட்டுக்கு ஓடுறேன்னே தெரியல. அப்பவும் நிக்கணும்னு தோணல மாப்ள. அதான் பயமா இருக்கு. நெஞ்சு நின்னா நிக்கட்டும்னு ஓடியிருப்பேன்."

நெட்டையன் பணத்தை அவர் பக்கம் நகர்த்தினான். அத்தான் பணத்தை எண்ணத் தொடங்கினார். முப்பது நோட்டுக்குள் எண்ணிக்கை தப்பிப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதுவும் தப்பியது.

அக்கா நோட்டுக் கட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் வீம்புக்கு மட்டும் கொறச்சலில்ல. குடுங்க இப்படி." எச்சில் தொட்டுக் கடகடவென்று எண்ணினாள். எழுபத்தைந்தாயிரத்து ஐந்நூறை அத்தான் மடியில் வைத்தாள். மீதிப் பதினோராயிரத்தை ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்த பைக்குள் போட்டு இழுத்து மூடினாள். "இது அடுத்த மாச ஸ்கேன். இவன் ஓடின காசும் இல்ல, உங்க காசும் இல்ல. இனி எவனாவது இதப் பத்திப் பேசினா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது."

அத்தான் பேனாவைத் திறந்தார். எண்பத்தாறாயிரத்து ஐந்நூறின் மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே இறங்கியிருந்த இருபத்திரண்டு ஐந்நூறுகளின் மேலும் குறுக்காக ஒன்று இழுத்தார். 'தீர்ந்தது' என்று எழுதி, ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் நீட்டும் சட்டையில் போடுவாரே, அந்தக் கையெழுத்தைப் போட்டு, தாளைக் கிழித்து நெட்டையனிடம் நீட்டினார்.